பிரேசில் அண்ணையின் பெறாமகன்

ரொறன்ரோவில் கார் ஓட்டிய தமிழர்களில் பிரேசில் அண்ணையைவிட மெதுவாக ஓட்டியவர் அவருக்கு முன்னும் ஒருவர் இருந்ததில்லை, பின்னும் ஒருவர் இருந்ததில்லை. பின்னால் கார்கள்தான் இருந்தன. வரிசையாக, ஹோர்ன் அடித்துக்கொண்டு.

ஒரு சனிக்கிழமை மார்க்கம் வீதியில் அவர் ஓட, நான் பக்கத்தில் இருந்தேன். நடைபாதையில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் எங்களை முந்திப் போனாள். அடுத்த சிக்னலுக்குள் அவளைப் பிடித்துவிட்டோம் என்று அண்ணை இன்றைக்கும் சாதிக்கிறார். பிடிக்கவில்லை. அவள் கடைக்குள் போய்விட்டாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதர்தான், உலகத்திலேயே வேகமாகக் கார் ஓட்டுகிறவர்களில் ஒருவன் தன்னுடைய பெறாமகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணன் தம்பியின் பிள்ளையை எங்கள் பக்கத்தில் பெறாமகன் என்போம். பெறாத மகன், ஆனாலும் மகன். அந்தப் பையன் பிறந்ததோ பிரேசில் நாட்டில். அண்ணை பிறந்தது மன்னாரில். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பெருங்கடல் கிடந்தது. அண்ணைக்கு அது ஒரு பொருட்டில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு பழைய மாடிக்கட்டடத்தில் நாங்கள் மூன்று பேர் ஓர் அப்பார்ட்மென்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். நான், குமார், அண்ணை. நானும் குமாரும் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகள், கலியாணம் ஆகாதவர்கள். அண்ணை கத்தோலிக்கர். மனைவியையும் கைக்குழந்தையையும் மன்னாரில் விட்டுவிட்டு அகதியாக வந்தவர். அவருடைய உண்மையான பெயரின் கடைசியில் குரூஸ் என்று வரும். மன்னாரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு குரூஸ் மேலேதான் விழும். நானூறு வருடத்துக்கு முன்பு கப்பலில் வந்த போர்த்துக்கீசப் பாதிரிமார் ஞானஸ்நானத்தோடு கொடுத்துவிட்டுப் போன பெயர் அது.

அந்தப் பெயர்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. நகரத்தின் மேற்கில், டன்டாஸ் வீதியில் போர்த்துக்கீசர் நடத்திய ஒரு பேக்கரி. வேலை கேட்டுப் போன அண்ணையிடம் முதலாளி அம்மா பெயரைக் கேட்டிருக்கிறார். குரூஸ் என்றதும் அம்மா தலையில் கையை வைத்து அதிசயப்பட்டு, மறுகேள்வி கேட்காமல் ஏப்ரனை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா அத்திலாந்திக் சமுத்திரத்து நடுவில் ஏதோ ஒரு தீவில் பிறந்தவர். "அவவும் எங்களைப்போலத் தீவுப் பகுதிதான்" என்று அண்ணை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கதவடியில் நின்று, தனக்குப் போர்த்துக்கீச பாஷை தெரியும் என்று அறிவித்தார். காலையில் போய் மாலையில் வந்த மனிதர். விசாரித்தால் விஷயம் இதுதான். அந்த அம்மா பாணைப் பாண் என்கிறாராம். மேசையை மேசை என்கிறாராம். அலுமாரி அலுமாரிதானாம், சாக்கு சாக்குத்தானாம், யன்னலைக் கொஞ்சம் இழுத்து யனேலா என்கிறாராம். குசினி, கோப்பை, துவாய், விசுக்கோத்து எல்லாம் அப்படியேயாம்.

"உவங்கள் முழுக்க எங்கட பாஷைதான் கதைக்கிறாங்கள். மன்னாருக்கு வந்த நேரம் எங்களிட்டப் பழகிக்கொண்டு போயிருக்கிறாங்கள்."

குமார் ஊரில் உயர்தரத்தில் சரித்திரம் படித்தவன். அது மறுபக்கமாக நடந்தது, போர்த்துக்கீசரிடமிருந்துதான் தமிழர் அந்தச் சொற்களை எடுத்தார்கள் என்று ஆதாரத்தோடு விளக்கினான். அண்ணை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அவங்கள் வரமுன்னம் எங்கட ஆக்கள் யன்னல் இல்லாமலோ வீடு கட்டினவை? மூச்சு முட்டிச் செத்திருப்பினமே."

சரித்திரத்தில் குமார் எடுத்த அதிவிசேட சித்தி அன்றோடு பெறுமதி இழந்தது.

அண்ணையின் போர்த்துக்கீசத்தில் ஒரேயொரு குறை இருந்தது. வினைச்சொல் கிடையாது. வீட்டுச் சாமான்கள் மட்டும்தான். வீடு மாறும்போது லொறிக்காரனோடு பேசுவதற்குப் போதும். ஆனால் அந்தக் குறை அவருக்குத் தெரியவேயில்லை. மேசை, பாண், கோப்பை என்று அவர் வரிசையாகச் சொல்ல, முதலாளி அம்மா சிரித்துக்கொண்டு தன் பாட்டில் ஏதோ பேச, இருவரும் பல வருடம் சந்தோஷமாகச் சம்பாஷித்தார்கள்.

இந்தப் பேக்கரியின் சுவரில்தான் அண்ணை தன் சொந்தக்காரனைக் கண்டுபிடித்தார். கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போர்த்துக்கீசப் பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த பையன். கீழே கொட்டை எழுத்தில் பாவுலோ குரூஸ். எங்கள் கத்தோலிக்கர் பாவுலோவைப் பாவிலு என்பார்கள். அண்ணைக்கு வேறென்ன வேண்டும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் அந்த இடத்திலேயே முடிச்சு விழுந்துவிட்டது. பாவிலு குரூஸ் எங்கட ஆள். வயதைப் பார்த்தால் அண்ணன் பிள்ளை முறை. ஆகவே பெறாமகன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாவிலுவின் கதைதான். பத்திரிகையில் வருவதை முதலாளி அம்மா உடைந்த ஆங்கிலத்தில் சொல்ல, அதை அண்ணை எங்களுக்குச் சொல்வார். லொறி திருத்துகிற மெக்கானிக்கின் மகன். சின்ன வயதில், தரையோடு தரையாக ஓடுகிற குட்டிக் காரில், மற்றவர்கள் தேய்ந்துபோச்சு என்று கழற்றி எறிந்த டயரைப் போட்டு ஓடியே வென்றவன். பதினெட்டு வயதில் தனியாக இங்கிலாந்துக்குப் போனவன். பாஷை தெரியாது. கராஜுக்குள்ளேயே படுக்கை. அங்கேயும் வென்று, இப்போது அமெரிக்காவில் பெரிய பந்தயங்களுக்கு முன்னால் நடக்கும் இளம் ஓட்டுநர் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்தான். அதிலே வென்றால் உலகச் சுற்றுப் பந்தயத்தில் ஒரு கதவு திறக்கும். பாஷை தெரியாமல் வந்து கராஜில் படுத்த கதையை அண்ணை சொல்லும்போது குமார்கூடக் குறுக்கே பேசமாட்டான். நாங்களும் வந்த புதிதில் ஒரு பேஸ்மென்டில் படுத்தவர்கள்தானே.

பாவிலு வேகத்தில் ஏற ஏற, அண்ணை இங்கே றோட் ரெஸ்ற்றில் விழுந்துகொண்டிருந்தார். பழகுவதற்கு என்னுடைய பழைய காரைத்தான் கொடுத்தேன். சைகை, கண்ணாடி, பார்க்கிங் எல்லாம் வெள்ளிக்கம்பி மாதிரிச் செய்வார். வேகம் மட்டும் வராது. பரீட்சை எடுத்த அதிகாரி முதல்முறை சும்மா தலையை ஆட்டினார். அடுத்தமுறை, வீதியில் மெதுவாகப் போவதும் ஆபத்துத்தான் என்று விளக்கினார். அதற்கடுத்த முறை வந்த அதிகாரி, கொஞ்சம் இருங்கள் என்று இறங்கிப்போய்க் கார் பழுதோ என்று முன்பக்கத்தைப் பார்த்தார்.

ஏன் அண்ணை இப்படி, காலை ஒருக்கால் அழுத்தினால் என்ன என்று நான் ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"தம்பி, எங்கட பக்கம் ஆமிக்காரன்ர சென்ரிக்குக் கிட்ட வாகனம் கெதியா வந்தா சுடுவாங்கள். தூரத்தில கண்ட உடனே ஸ்லோ பண்ணவேணும், லைற்றை நிப்பாட்டவேணும், இறங்கி நடக்கவேணும். கெதியாப் போனவை ஒருத்தரும் வீட்டை போய்ச் சேரேல்லை. என்ர காலுக்கு அதுதான் தெரியும்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, பாவிலுவின் ஓட்டத்தைப் பார்க்கும்போது தனக்குப் பிடித்தது வேகம் இல்லை, அவனை ஒருத்தரும் மறிக்காததுதான் என்றார். அத்தனை பேர் கொடியோடு நிற்கிறார்கள், எல்லோரும் போ போ என்றுதான் காட்டுகிறார்கள். அப்படி ஒரு றோட்டை அவர் கனவிலும் கண்டதில்லையாம். எனக்கு எரிச்சல் போய்விட்டது. அதற்குப்பிறகு எத்தனை தள்ளுவண்டி முந்தினாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

லைசென்ஸ் அவருக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. மனைவி றீற்றா அக்காவையும் மகள் ஜெனியையும் கூப்பிட அவர் ஸ்பொன்சர் செய்திருந்தார். அது இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று இழுபட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஊருக்குப் பேசும்போதெல்லாம், எயார்போர்ட்டுக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு வந்து உங்களை ஏற்றுவேன் என்று வாக்குக் கொடுப்பார். ஊரில் அக்காவை ஏற்றிக்கொண்டு போக அவரிடம் சைக்கிள்தான் இருந்தது. அதுவும் சென்ரியில் இறங்கி உருட்டுகிற சைக்கிள். இங்கே வந்து இறங்கும் முதல் நாளிலாவது அவளை ஒரு ராணி மாதிரி இருத்திக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்த மனிதரின் ஒரே ஆசை. வேறொருவர் ஓட்டும் காரில் தானும் ஒரு பயணியாகப் போய் அவளை வரவேற்க அவருக்கு மனமில்லை.

அந்த ஆடி மாதம் பாவிலு ரொறன்ரோவுக்கு வந்தான். ஏரிக்கரைப் பக்கத்து வீதிகளை மறித்து வருடாவருடம் கார்ப் பந்தயம் வைப்பார்களே, அதற்கு. அண்ணை ஒரு கிழமைக்கு முன்பே வேலையில் லீவு சொல்லிவிட்டார். சொந்தக்காரப் பிள்ளையை வெறுங்கையோடு பார்க்கப் போவது எப்படி? பேக்கரியிலிருந்து ஒரு பை நிறையப் பாண். குமார் பொரித்த மீன் கட்லட் ஒரு பெட்டி. மூவரும் புறப்பட்டோம்.

பெரிய ஓட்டுநர்களுக்குக் காவலும் வேலியும் இருந்தன. இளம் ஓட்டுநர்களைப் பின்பக்கத்தில் கூடாரம் போட்டு விட்டிருந்தார்கள், டிக்கெட் வைத்திருந்த எவரும் கிட்டப் போகலாம். பாவிலு ஒரு டயரின் மேல் தனியாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தான். அண்ணை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போய் முன்னால் நின்றார். அவனுடைய உடுப்பில் தைத்திருந்த பெயரைத் தொட்டு, குரூஸ் என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, குரூஸ் என்றார். நம்பாமல் விடப்போகிறான் என்று பெயர் போட்ட ஹெல்த் கார்ட்டை எடுத்துக் காட்டினார். பையன் அதை வாங்கி வாசித்துவிட்டு, வாழைப்பழத்தோடு சிரித்தான்.

அத்தோடு ஆங்கிலத்தில் நலம் விசாரித்திருக்கலாம். அண்ணை பாஷையைக் கையில் எடுத்தார். "சப்பாத்து" என்றார். பையன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "களுசான்" என்றார். அவன் எழுந்து, எங்காவது கிழிந்துவிட்டதோ என்று பின்பக்கம் தடவினான். "லேஞ்சி" என்றார். பையன் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்து அண்ணையிடம் கொடுத்தான். அவர் அதால் முகத்தைத் துடைத்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். குமார் தலையில் கைவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

கடைசியாக அண்ணை அவன் இருந்த டயரைத் தட்டி, "ரோதை" என்றார். சில்லுக்கு எங்கள் பழைய ஆட்கள் சொல்லும் பெயர். பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு முகம் முழுக்க வெளிச்சமாகி, "ஹோடா" என்றான். பிரேசில்காரர்களுக்கு முதலெழுத்து ரகரம் ஹகரமாகத்தான் வருமாம். அண்ணைக்கு அது பிழையாகப் பட்டது.

"ஹோடா இல்லை மகன். ரோதை. வடிவாச் சொல்லும்."

உலகச் சுற்றுப் பந்தயத்துக்குப் போகப்போகிற ஒருவனுக்கு அவனுடைய தாய்மொழியில், அதுவும் சில்லின் பெயரில், பிழை திருத்திய ஒரே மனிதர் எங்கள் அண்ணைதான்.

பையன் கட்லட் ஒன்றை வாயில் போட்டான். குமார் எங்கள் உறைப்பில்தான் செய்திருந்தான். கண்ணால் தண்ணீர் வழிய, மூக்கைச் சிந்தி, ஒரு போத்தல் தண்ணீர் குடித்து, பிறகு இன்னொன்றையும் எடுத்தான். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒன்று. அண்ணை ஒவ்வொரு சொல் சொல்லும்போதும் அவன் சிரித்துக்கொண்டு "சீ யூ" என்றான். பாணைக் கொடுத்தால், சீ யூ. தோளைத் தட்டினால், சீ யூ. போய் வாருங்கள் என்பதை இதைவிடப் பவ்வியமாக ஒருவன் சொல்ல முடியுமா? அண்ணையின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. கடைசி சீ யூவோடு அவர் தலையை ஆட்டிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பந்தயத்தில் பாவிலு பின்வரிசையில் தொடங்கி இரண்டாவதாக வந்தான். வாய் எரிந்தபடியால்தான் அவ்வளவு கெதியாக ஓடி முடித்தான் என்பது குமாரின் கட்சி. அண்ணை கை தட்டினார், ஆனால் எழுந்து நிற்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்ரீட்காரில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னார்.

"நான் வாய் திறக்கேக்கெல்லாம் சீ யூ எண்டு கலைச்சுப்போட்டான். அவன்ர இடத்தில நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன். நான் ஆர் அவனுக்கு?"

அதற்குப்பிறகு வீட்டில் பாவிலுவின் பேச்சு இல்லை. அது ஒருபக்கம் நிம்மதிதான் என்று குமார் சொன்னான், ஆனால் முகத்தில் நிம்மதியைக் காணவில்லை. ஆவணியில் ஊரிலிருந்து செய்தி வந்தது, அக்காவுக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது, ஐப்பசியில் வருகிறார்கள். துள்ளிக் குதிக்க வேண்டிய மனிதர் என்னைக் கூப்பிட்டு, எயார்போர்ட்டுக்கு நீயே ஓடு தம்பி, எனக்கு உந்த லைசென்ஸ் சரிவராது என்றார். அடுத்த றோட் ரெஸ்ற்றுக்குப் பதிந்திருந்ததையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மெதுவாக ஓடும் மனிதரைக் கேலி செய்யலாம். ஓடவே மாட்டேன் என்று இருக்கும் மனிதரை என்ன செய்வது?

புரட்டாசியில் ஒருநாள், மத்தியான நேரம், அண்ணை வேலை முடியும் முன்பே வீட்டுக்கு ஓடி வந்தார். ஏப்ரனோடு, தலைமயிரெல்லாம் மாவோடு, பஸ்ஸிலும் சப்வேயிலும் அந்தக் கோலத்திலேயே வந்திருந்தார். பேக்கரிக்கு ஒரு பிரேசில் நாட்டுப் பெண் பாண் வாங்க வந்தாளாம். உள்ளே வரும்போதே முதலாளி அம்மாவின் வயதான புருஷனைப் பார்த்து, சீ யூ என்றாளாம். வரும்போது எவளாவது சீ யூ சொல்லுவாளா? அண்ணை பாண் தட்டை வைத்துவிட்டு முதலாளி அம்மாவிடம் போய்க் கையாலும் காலாலும் கேட்டிருக்கிறார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். எங்கள் தீவில் அதைத் தீயு என்போம், பிரேசில்காரர் நாக்கை வழுக்கவிட்டுச் சீயு என்பார்கள். அது ஆங்கிலமே இல்லை. மாமா, சித்தப்பா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அங்கிள்.

"அவன் என்னைப் போகச் சொல்லேல்லை. சித்தப்பா, சித்தப்பா எண்டிருக்கிறான். பாண் குடுக்கேக்கையும் சித்தப்பா. ரோதை எண்டு சொல்லிக் குடுக்கேக்கையும் சித்தப்பா."

சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை, மாவுக் கையாலேயே துடைத்தார்.

குமார் நல்லவன்தான், ஆனால் சரித்திரம் படித்தவன். விஷயத்தைச் சரியாக வைக்காவிட்டால் நித்திரை வராது. பிரேசிலில் வயதில் மூத்த எவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாக்கும், அது சும்மா மரியாதைக்குச் சொல்வது, அதை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது என்றான். அண்ணை அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. யன்னல் இல்லாத வீட்டைப் பற்றிக் கேட்டபோது இருந்த அதே பொறுமை.

"குமார், நீ என்னை என்னெண்டு கூப்பிடுறனி?"

"அண்ணை எண்டு."

"நாங்கள் ரெண்டுபேரும் ஒரு தாய் வயித்தில பிறந்தனாங்களோ? நீ சைவம், நான் வேதக்காரன். நீ யாழ்ப்பாணம், நான் மன்னார். சும்மா மரியாதைக்கோ கூப்பிடுறாய்?"

நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில், கைநிறையச் சம்பளம் வேண்டாம், வயிறு நிறைந்தால் போதும் என்று கிடந்த நாட்களில், இந்த மனிதர் விடியப் போட்ட பாணைக் குளிர் அங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகரத்தின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்குக் கொண்டுவருவார். எங்கள் கைக்கு வரும்போது அது இன்னும் சூடாக இருக்கும். குமார் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டான். அண்ணைக்குப் பெரிய கோப்பையில், சீனி இரண்டு கரண்டி கூடப் போட்டு.

அடுத்த நாளே அண்ணை றோட் ரெஸ்ற்றுக்குத் திரும்பப் பதிந்தார். பரீட்சை நாளன்று நிலையத்தின் வாசலில் நானும் குமாரும் நின்றோம். கார் புறப்பட்ட விதமே வேறாக இருந்தது. ஒரு தள்ளுவண்டியும் முந்தவில்லை. திரும்பி வந்து இறங்கியவரின் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் கிடைத்ததை அவர் பெரிதாகச் சொல்லவே இல்லை. வேறொன்றைத்தான் அன்றைக்கும், அதற்குப்பிறகு இத்தனை வருடமும், கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லிவருகிறார்.

"அந்த ரெஸ்ற் எடுத்த மனிசி என்னைப் பாத்து, ஸ்லோ டவுன் சேர் எண்டாள்."

ஐப்பசியில் ஒரு பின்னேரம் எயார்போர்ட்டுக்குப் போனோம். கார் என்னுடையது, சாரதி அண்ணை. குமார் தேய்த்துக் கழுவிப் பின்சீற்றில் புதுத் துவாய் விரித்திருந்தான். றீற்றா அக்கா ஒரு பச்சைச் சேலையில், இருக்கிற குளிருக்கு ஒரு மெல்லிய சுவெட்டரோடு வந்தார். அண்ணையைக் கண்டதும் அழுவார் என்று நினைத்தேன். மெலிந்துபோனியள் என்று மட்டும் சொன்னார். அண்ணை மகளைத் தூக்கப் போனார், அவள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த முகம், அவளுக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் அண்ணை எதிர்பார்த்ததுதான். பெட்டிகளை ஏற்றி, அக்காவுக்குப் பின்கதவைத் தானே திறந்துவிட்டு, வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கார்த் தரிப்பிடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு சின்னக் கூண்டும், வீதிக்குக் குறுக்கே ஒரு தடிக் கம்பமும், நீலச் சீருடையும் தொப்பியும் போட்ட ஒருவரும் இருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு கம்பத்தைத் தூக்கிவிடுகிறவர். அண்ணை காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா இறங்கிவிட்டார். மகளும் இறங்கிவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல், பழகிய காரியம் போல, கைப்பையைத் தோளில் மாட்டி, ஊர் அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கம்பத்தை நோக்கி நடந்தார்கள். சீருடைக்காரர் ஒன்றும் புரியாமல் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சின்னப் பிள்ளை அவருக்கு நேரே போய்த் தன் பையைத் திறந்து காட்டியது. அதற்குள் ஒரு பொம்மையும் பாதி விசுக்கோத்துப் பக்கெட்டும் இருந்தன.

அண்ணை கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"றீற்றா, வந்து ஏறும். இஞ்ச இறங்கத் தேவையில்லை."

"செக் பண்ணட்டுமே. நாங்கள் நடந்து அங்கால வாறம்."

"ஒருத்தரும் செக் பண்ண மாட்டினம். அந்த மனிசன் காசுக்கு நிக்கிறான். ஏறும்."

அக்கா கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், சீருடைக்காரரைப் பார்த்தார். அவர் சிரித்து, அம்மாவுக்கு வணக்கம் சொல்வதுபோலத் தொப்பியைத் தொட்டார். இருவரும் திரும்பி வந்து ஏறினார்கள். அக்கா அட்டையை உடனே உள்ளே வைக்கவில்லை, வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். கம்பம் மேலே போனது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணை காலை அழுத்தினார். அறுபது, எண்பது, நூறு. எண்பதுக்கு மேலே அந்தக் கார் ஒருவித நடுக்கம் காட்டும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியவந்தது. அக்கா முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போகச் சொன்னார். ஏன் இந்தப் பறப்பு, முன்னுக்கு எங்கேயாவது நின்று மறித்தால் என்ன செய்வது என்றார்.

"இஞ்ச ஒருத்தரும் மறிக்க மாட்டினம், றீற்றா. வீடுமட்டும் ஒருத்தரும் மறிக்க மாட்டினம்." கொஞ்சத் தூரம் போனபின், "பாவிலு இப்பிடித்தான் ஓடுவான்" என்றார்.

"ஆர் பாவிலு?"

"எங்கட பெறாமகன்."

"எந்தப் பெறாமகன்? ஆற்ற மகன்?"

"அது வீட்டை போய்ச் சொல்லுறன்" என்றார் அண்ணை. ஸ்காபரோ வரும்வரை நூறைவிட்டு இறங்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது பின்சீற்றில் மகள், சோர்ந்து, வாயைத் திறந்துகொண்டு, ஒரு பயமும் இல்லாமல் நித்திரையாக இருந்தாள்.

பாவிலு ஒன்றரை வருடம் கழித்து உலகச் சுற்றுப் பந்தயத்துக்குள் போனான். ஒரு குழுவில் நிரந்தர ஓட்டுநருக்குக் கை முறிந்துவிட்டது, இவனைக் கூப்பிட்டார்கள். அந்த ஞாயிறு காலை அண்ணையின் புது அப்பார்ட்மென்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். அக்கா பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். எந்தப் பெறாமகன் என்ற கேள்விக்கு அவருக்கு அதற்குள் பதில் கிடைத்திருந்ததா என்று தெரியாது, ஆனால் பிள்ளை பத்திரமாக ஓடவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார். பாவிலு கடைசி வரிசையில் தொடங்கி ஏழெட்டுப் பேரை முந்தினான். அப்போது பின்பக்கச் சில்லொன்று கழன்று தன் பாட்டில் உருண்டு போனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இறங்கி நடந்து வந்தான். அண்ணை பெருமூச்சு விட்டார்.

"அண்டைக்கே சொன்னனான், ரோதையை வடிவாச் சொல்லு எண்டு."

அவன் சில வருடம் ஓடினான். வென்றதில்லை. பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று முதலாளி அம்மா சொன்னாராம். அண்ணை இப்போது விட்பியில் வீடு வாங்கி இருக்கிறார். பேக்கரி வேலை முடிந்துவிட்டது. கார் ஓட்டம் பழையபடி இறங்கிவிட்டது, இப்போது பேரப்பிள்ளைகள் பின்னால் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார். போன கோடையில் நாங்கள் குடும்பமாக அங்கே போய்த் திரும்பும்போது, அவர் எங்களுக்கு முன்னால் பெற்றோல் அடிக்கப் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கார்கள். ஹோர்ன் காதைப் பிளந்தது. நான் முந்தவில்லை. இங்கே பிறந்த என் மகளுக்குப் பொறுமை இல்லை.

"அப்பா, ஹூ இஸ் ஹி எனிவே? அவர் எங்களுக்கு என்ன முறை?"

மன்னார், டன்டாஸ் வீதி, பாண், ரோதை என்று எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். பிறகு அதெல்லாம் தேவையில்லை என்று பட்டது.

"என்ர அண்ணை," என்றேன். "உனக்குப் பெரியப்பா."